இணையத்துக்கு விதி எழுதுவது யார்?

(இணையவழிச் சேவைகளைப் பயன்படுத்துவோருக்காக ஒரு நூலகத்தில் நடந்த சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'வலைத் தரநிலைகள் எப்படி உருவாகின்றன' என்று அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததும் எங்க அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு யாரு வருவா?" இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிட்டுத்தான் கீழே இறங்குவேன்.

முதல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடறேன். இதழியல் முடிச்ச கையோட, இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, ஒரு சின்ன செய்தித் தளத்துல சில மாதம் இருந்தேன். ஒரு கல்வி உதவித்தொகை அறிவிப்பு வந்தது. யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன சான்றிதழ் வேணும், கடைசி நாள் எது, எல்லாத்தையும் ஒரு போஸ்டரா வடிவமைச்சேன். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. நிறைய பேர் பகிர்ந்தாங்க. எனக்கு ஒரே பெருமை.

அஞ்சு நாள் கழிச்சு ஒரு கல்லூரி மாணவர் அலுவலகத்துக்கு போன் பண்ணினார். பார்வை இல்லாதவர். "அக்கா, நீங்க உதவித்தொகை பத்தி போட்டிருக்கீங்கன்னு ஃப்ரெண்ட் சொன்னான். என் போன் அந்த இடத்துல 'படம்'னு மட்டும்தான் சொல்லுது. கடைசி நாள் என்னிக்கு?"

கடைசி நாள் முந்தின நாளே முடிஞ்சு போயிருந்தது.

அவர் கோபப்படவே இல்ல. "சரிக்கா, பரவாயில்ல" என்று வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்னிக்குச் சோறு இறங்கல. படத்தைப் பார்க்க முடியாதவங்களுக்கு அதில் என்ன இருக்குன்னு சொல்ல ஒரு வழி இருக்கணுமே, அதை ஏன் யாரும் யோசிக்கலன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினால், வழி இருக்கு. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த வரிக்குப் பெயர் 'ஆல்ட்', தமிழில் மாற்று உரை. இன்னிக்கு நான் சொல்லப்போவது அந்த ஒரு வரியின் கதை. அதைச் சொன்னாலே வலைக்கு விதி எப்படி எழுதறாங்க என்பது புரிஞ்சிடும்.

கதை 1993-இல் ஆரம்பிக்குது. அப்போ வலைப்பக்கம் என்றால் பெரும்பாலும் வெறும் எழுத்து. டிம் பெர்னர்ஸ்-லீ ஸ்விட்சர்லாந்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை உருவாக்கி சில வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன் என்ற 21 வயது இளைஞர், மொசைக் என்ற பிரவுசரை நண்பர்களோடு எழுதிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 25 அன்று, வலையில் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்திருந்த மின்னஞ்சல் குழுவுக்கு அவர் ஒரு சின்ன யோசனை அனுப்பினார். பக்கத்துக்கு நடுவே படம் வைக்க 'ஐ.எம்.ஜி.' என்று ஒரு குறியீடு கொண்டுவரலாம், படம் எங்கே இருக்குன்னு அதில் முகவரி கொடுத்தால் போதும். அவ்வளவுதான் யோசனை.

உடனே பதில்கள் வந்தன. எங்க பிரவுசரில் இதே மாதிரி ஒண்ணு ஏற்கெனவே செஞ்சிருக்கோம் என்றார் ஒருவர். ஏற்கெனவே இருக்கிற இணைப்புக் குறியீட்டையே கொஞ்சம் நீட்டினால் போதுமே என்றார் பெர்னர்ஸ்-லீ. படத்துக்கு மட்டும் ஏன், எதை வேண்டுமானாலும் உள்ளே வைக்கிற மாதிரி பொதுவா ஒரு குறியீடு செய்யலாமே என்றார்கள் சிலர். எல்லாமே நல்ல யோசனைகள்தான். மார்ச் மாதம் ஆண்ட்ரீசன் திரும்ப எழுதினார்: மொசைக்கின் அடுத்த பதிப்பு வெளியே போகப் போகுது, அதில் ஐ.எம்.ஜி. இருக்கும். பேச்சு முடிஞ்சது. இன்னிக்கு வரைக்கும் உங்க போனில் வர்ற எந்த வலைப்பக்கத்தைத் திறந்தாலும், படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அந்தக் குறியீடுதான்.

எது சிறந்த யோசனையோ அது ஜெயிக்கல. எது முதல்ல வேலை செஞ்சதோ அது ஜெயிச்சது. வலைத் தரநிலைகளின் பாதிக் கதை இதுதான். மீதிப் பாதி, அந்த அவசரத்தில் யார் விட்டுப்போனாங்க என்பது. ஆண்ட்ரீசன் யோசனையில் படத்தின் முகவரி இருந்தது. படம் தெரியாதவர்களுக்கு என்ன என்பது அதில் இல்ல. அவர் மேல் குற்றம் சொல்ல வரல. நானும் மஞ்சள் போஸ்டரில் அதையேதான் செஞ்சேன்.

அந்தக் காலத்தில் படம் தெரியாதவர்கள் நிறைய பேர். லின்க்ஸ் என்று ஒரு பிரவுசர், அதில் எழுத்து மட்டும்தான் வரும். போன் லைனில் இணையம் வந்த காலம், படம் இறங்கவே நேரமாகும், அதனால் படத்தை அணைத்துவைப்பவர்களும் உண்டு. இவர்களுக்காகவும்தான் ஆல்ட் விதிக்குள்ளே வந்தது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 ஆவணத்தில், படத்துக்குப் பதிலாகக் காட்ட வேண்டிய எழுத்து என்று அது இடம்பெற்றது. விரும்பினால் எழுதலாம், கட்டாயமில்லை.

அந்த 2.0-ஐ வெளியிட்டது ஐ.இ.டி.எஃப். என்ற பொறியாளர் அமைப்பு. மின்னஞ்சல் எப்படிப் போகணும், கணினிகள் எப்படிப் பேசிக்கணும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள். இவங்க முடிவெடுக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் ஒரு நிமிஷம் இங்கே நிக்கறேன். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. உறுப்பினர் அட்டையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் கலந்துக்கலாம். அட்டை இல்லாத இடத்தில் யார் ஓட்டை எண்ணுவது? அதனால் கூட்டத் தலைவர் கேட்பார்: "இந்த யோசனை சரி என்கிறவங்க ஹம் பண்ணுங்க." அறை முழுக்க "ம்ம்ம்ம்" என்று ஒலிக்கும். "வேண்டாம் என்கிறவங்க?" மறுபடி "ம்ம்ம்." சத்தத்தை வைத்துக் கூட்டத்தின் மனசைப் புரிஞ்சுக்குவாங்க. கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்... (அரங்கில் சிரிப்பும் ஒலியும்.) நல்லா வருது.

ஆனா சத்தம் அதிகம் என்பதால் மட்டும் முடிவு ஆகிடாது. நூறு பேர் சரி என்று சொல்லி, ஒரே ஒருத்தர் "இதில் இந்த ஓட்டை இருக்கு" என்றால், அந்த ஒருத்தருக்குப் பதில் சொல்லியாகணும். அவர் சொன்னதை ஏத்துக்கணும் என்ற கட்டாயம் இல்ல. ஆனா அவர் கேள்வியை எடைபோடாமல் தாண்டிப் போகக்கூடாது. அதன் பிறகு மிஞ்சுவதைத்தான் 'தோராயமான ஒருமித்த கருத்து' என்கிறார்கள்.

பிறகு எச்.டி.எம்.எல். வேலை டபிள்யூ3சி என்ற உலகளாவிய வலைக் கூட்டமைப்புக்குப் போனது. 1994-இல் பெர்னர்ஸ்-லீ தொடங்கியது. நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், அரசு அமைப்புகள் என முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 1997 டிசம்பரில் இங்கிருந்து வந்த எச்.டி.எம்.எல். 4.0-இல்தான் ஆல்ட் கட்டாயம் ஆனது. அதே வருடம்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வேலையை டபிள்யூ3சி தனிப் பிரிவாகத் தொடங்கியது. 1999 மே மாதம் அந்தப் பிரிவிலிருந்து முதல் வழிகாட்டி நெறிமுறை வந்தது. அதில் முதல் நெறி எது தெரியுமா? படத்துக்கு மாற்று உரை கொடு என்பதுதான்.

டபிள்யூ3சி-யில் ஒரு விதி வெளிவர வரைவு, பரிந்துரைக்கு வேட்பாளர், பரிந்துரை என்று சில படிகள் உண்டு. படிகளின் பெயரை மறந்துடலாம். ரெண்டு விஷயம் மட்டும் போதும். ஒண்ணு, வரைவு எல்லார் கண்ணுக்கும் திறந்தே இருக்கும். உறுப்பினரா இல்லாதவரும் ஆட்சேபம் எழுதலாம். ரெண்டு, எழுதினபடி செஞ்சு காட்டணும். பெரும்பாலும் ஒருத்தரை ஒருத்தர் சாராத ரெண்டு தரப்பு அதை வேலை செய்ய வைக்கணும். காகிதத்தில் மட்டும் அழகா இருக்கிற விதி தேறாது.

கட்டாயம் ஆக்கிட்டாங்க, பிரச்சினை தீர்ந்ததான்னு கேட்டால், இல்ல. எச்.டி.எம்.எல்.5 எழுதும்போது ஆல்ட் மறுபடி சண்டைக்கு வந்தது. வருடக்கணக்கில். கேள்வி இதுதான்: ஒருத்தர் சுற்றுலா போய் ஐந்நூறு போட்டோ ஏத்துகிறார். ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் எழுதுவாரா? மாட்டார். கட்டாயம் என்றால் என்ன செய்வார், இல்லன்னா அவர் பயன்படுத்துகிற மென்பொருள் என்ன செய்யும்? 'படம்', 'படம்', 'படம்' என்று ஐந்நூறு தடவை நிரப்பும். சோதனையில் பாஸ் ஆகிடும், கேட்கிறவருக்கு ஒண்ணும் கிடைக்காது. அதனால் சில இடத்தில் விலக்கு கொடுங்க என்றது ஒரு தரப்பு. விலக்கு என்று ஒரு சின்னக் கதவைத் திறந்தால் எல்லாரும் அந்த வழியாவே போயிடுவாங்க என்றது இன்னொரு தரப்பு.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கில்ல? எனக்கு இப்பவும் எந்தப் பக்கம் என்று உறுதியாச் சொல்ல முடியல. கடைசியில் ஒரு நடுவழி வந்தது. பொருள் உள்ள படத்துக்கு ஆல்ட் வேணும்; குறிப்பிட்ட சில சூழலுக்கு மட்டும் விலக்கு; வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியா விட்டுடலாம், அப்போ போன் அதைப் பேசாமல் தாண்டிப் போகும். இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். ஒரு பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு பூ டிசைனையும் கோட்டையும் காதில் கேட்டுக்கிட்டே இருந்தால் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லணும். இந்த மேசையில் எல்லா நாற்காலியும் ஒரே உயரம் இல்ல. 2004-இல் டபிள்யூ3சி போகும் திசை பிடிக்காமல் மோசில்லா, ஓபரா, ஆப்பிள் ஆட்கள் தனியா ஒரு குழு ஆரம்பிச்சாங்க. பதினைந்து வருடம் ரெண்டு இடத்தில் விதி எழுதப்பட்டது. 2019-இல் சமரசம் ஆனது: எச்.டி.எம்.எல்.-ஐ அந்தத் தனிக்குழுவே எழுதும். அதன் தலைமையில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோசில்லா. அதாவது பிரவுசர் செய்கிறவர்கள். அவர்கள் செய்ய மாட்டேன் என்றால், எவ்வளவு நல்ல விதியும் வெறும் எழுத்துதான். ஓட்டுரிமை எல்லாருக்கும் உண்டு, வீட்டோ நாலு பேருக்குத்தான் என்று வெச்சுக்கலாம். எனக்கு இது முழுசாப் பிடிச்ச ஏற்பாடு இல்ல.

ஆனால் வெளியே இருக்கிறவர்கள் ஜெயிச்சதும் உண்டு. அதுவும் இதே படத்தின் கதையில்.

2012 வாக்கில் ஸ்மார்ட்போன் எல்லார் கையிலும் வர ஆரம்பிச்சாச்சு. பெரிய கணினித் திரைக்கான படத்தையே சின்ன போனும் இறக்கிக்கிட்டு இருந்தது. டேட்டா வீண், நேரம் வீண். போனுக்குச் சின்னப் படம், பெரிய திரைக்குப் பெரிய படம் என்று பிரவுசரே தேர்ந்தெடுக்கட்டும் என வலைத்தளம் கட்டுகிறவர்கள் டபிள்யூ3சி-யின் கீழ் ஒரு சமூகக் குழு அமைத்தார்கள். அதில் சேரக் கட்டணம் இல்ல. 'பிக்சர்' என்று ஒரு குறியீட்டை வடிவமைத்தார்கள். அந்த மே மாதம் விதி எழுதும் குழு, ஆப்பிள் தரப்பிலிருந்து வந்த வேறொரு யோசனையை எடுத்து ஆவணத்தில் சேர்த்துவிட்டது. எங்க வேலையைப் படிச்சுப் பார்த்தீங்களா என்று பெரிய வாக்குவாதம். நடுவில் மூன்றாவது யோசனை ஒண்ணு வந்து அதுவும் விழுந்தது. கடைசியில் ரெண்டையும் சேர்த்து ஒரு வடிவத்துக்கு வந்தாங்க.

விதி தயார், ஆனா பிரவுசருக்குள்ளே அதை எழுதுவது யார்? யோவ் வைஸ் என்ற நிரலாளர், பெரும்பகுதியை நான் எழுதறேன் என்று முன்வந்தார். அவர் சம்பளத்துக்கு 2014-இல் இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டினாங்க. வலைத்தளம் கட்டுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாங்க. அந்த அக்டோபரில் குரோம் 38-இல் அது வந்தது. அடுத்த வருடம் ஃபயர்ஃபாக்ஸ். ஊர்ல தெருவிளக்குக்கு வரி வசூலிச்ச மாதிரி, காசு சேர்த்துப் பிரவுசருக்கு ஒரு வசதி வாங்கிக்கிட்டாங்க. அப்பவும் பழைய ஐ.எம்.ஜி.-யை யாரும் தூக்கி எறியல. பிக்சர் குறியீட்டுக்கு உள்ளே அது இருந்தே ஆகணும். ஆல்ட்டும் அதில்தான்.

போன் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு சின்ன உதாரணம். விளம்பரத்தை மூடும் அந்தப் பெருக்கல் குறியைத் தொடப்போய் விளம்பரத்தையே திறந்த அனுபவம் யாருக்கு இல்ல? பட்டனுக்குக் குறைந்தபட்ச அளவு வேணும்னு நெறிமுறை எழுதுகிறவர்கள் பேசினாங்க. 2018-இல் வந்த 2.1 பதிப்பில் 44-க்கு 44 பிக்சல். ஆனா அதை எல்லாத் தளமும் பின்பற்றுவது கடினம் என்று மிக உயர்ந்த நிலைக்குத் தள்ளிவெச்சாங்க. அந்த நிலையைப் பெரும்பாலான தளங்கள் தொடுவதே இல்ல. 2023 அக்டோபரில் வந்த 2.2-இல் பொதுவா எதிர்பார்க்கப்படுகிற நடு நிலைக்கு ஒரு அளவு வந்தது: 24-க்கு 24, அதுவும் சில விலக்குகளோட. நம்ம கட்டைவிரலுக்கு 24 போதுமா? போதாதுதான். ஆனா முன்பு அந்த நிலையில் எண்ணே இல்ல.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிமுறைகள் 2009-இல் முதலில் வந்தன. 2023-இல் மூன்றாம் பதிப்பு. அதன் அணுகல் பகுதி, இப்போ சொன்ன டபிள்யூ3சி நெறிமுறையின் 2.1 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. உலகில் யாரோ நடத்திய வாக்குவாதம், நம்ம விண்ணப்பப் படிவத்துக்குள்ளே வர்றது இப்படித்தான். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கண் சிமிட்டி அடையாளம் காட்டச் சொல்கிற டிஜிட்டல் சரிபார்ப்பில், அமிலத் தாக்குதலுக்கு ஆளாகிக் கண் சிமிட்ட முடியாதவர்களும் பார்வையற்றவர்களும் என்ன செய்வார்கள் என்ற வழக்கு அது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. விரும்பினால் எழுதலாம் என்று 1995-இல் ஆரம்பிச்ச விஷயம் எங்கே வந்து நிக்குது பாருங்க.

தமிழுக்கென்று ரெண்டு சிக்கல் தனியா உண்டு. ஆல்ட் எழுதிட்டீங்க, ஆனா யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் எழுதிட்டீங்கன்னா, நம்ம கண்ணுக்குத் தமிழாத் தெரியும், போனுக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துக் குவியல். அதை அப்படியே வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றாச்சு. ஆனாலும் பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது இந்தக் குவியல் இன்னமும் வந்து விழுது. ரெண்டாவது, ஒவ்வொரு வலைப்பக்கத்தின் தலையிலும் 'இது எந்த மொழி' என்று ஒரு குறிப்பு இருக்கணும். தமிழுக்கு 'டி', 'ஏ' என்று ரெண்டு எழுத்து. பல பக்கங்கள் ஆங்கில வார்ப்பில் ஆரம்பிப்பதால் அந்த இடத்தில் ஆங்கிலம் என்றே இருந்துடும். போன் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்கப் பார்க்கும். கேட்டுப் பாருங்க, சிரிப்பு வரும். அதையே நம்பி இருக்கிறவருக்கு வராது.

இதுக்கெல்லாம் உலக அளவில் விதி இருக்கு. தமிழ் எழுத்துமுறைக்கு பிரவுசரில் என்னென்ன தேவை, எங்கே இடிக்குது என்று டபிள்யூ3சி தனி ஆவணங்களே வைத்திருக்கு. உதாரணமா, பத்தியின் முதல் எழுத்தைப் பெரிசாக் காட்டச் சொன்னால் 'கொ' முழுசும் பெரிசாகணும். கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம் பிரியக்கூடாது. இப்படி உங்க கண்ணில் படும் பிழையை அங்கே பதிவு செய்யலாம். இலவசம்தான். பதிவு ஆங்கிலத்தில் இருந்தால் வேகமா நகரும், அது ஒரு குறைதான். திரைப்பிடிப்பு ஒண்ணும் மூணு வரியும் போதும்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. ஆண்ட்ராய்டு போன் என்றால் அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள்ளே டாக்பேக், ஐபோன் என்றால் வாய்ஸ்ஓவர். அதை இயக்கி, கண்ணை மூடிக்கிட்டு, நீங்க வழக்கமா போற ஒரு சேவைப் பக்கத்தைத் திறந்து ஒரு படிவத்தை நிரப்பப் பாருங்க. இயக்கினதும் தொடுகை மாறிடும், ஒரு தடவை தொட்டால் சொல்லும், ரெண்டு தடவை தட்டினால்தான் திறக்கும். பயப்படாதீங்க. எங்கே நின்னுபோகுதோ அதை எழுதி அந்தத் தளத்தின் கருத்துப் பெட்டிக்கு அனுப்புங்க. 'உங்க தளம் சரியில்ல' என்று எழுதாதீங்க. எந்தப் பக்கம், எந்தப் பட்டன், போன் என்ன சொன்னது என்று எழுதுங்க. அந்த மாதிரி வர்ற புகாரைத்தான் எங்களால் தொழில்நுட்பக் குழுவிடம் அப்படியே கொடுக்க முடியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் படம் அனுப்பினால், தேதியையும் இடத்தையும் கீழே எழுத்தா ஒரு வரி போட்டுடுங்க.

(கேள்வி நேரத்தில் ஒருவர், "அந்த மாணவர் அப்புறம் என்ன ஆனார்?" என்று கேட்டார்.)

அடுத்த வருடம் விண்ணப்பித்தார், கிடைத்தது. அந்த வருடமும் அறிவிப்பை நான்தான் போட்டேன். ஆல்ட் எழுதிட்டு அவருக்கே அனுப்பி, "இப்போ வாசிக்குதா தம்பி?" என்று கேட்டேன். "வாசிக்குதுக்கா. ஆனா கடைசி நாள் 31-ன்னு சொல்லுது. இது நவம்பர் மாசம்" என்றார். போஸ்டரில் சரியாத்தான் இருந்தது. ஆல்ட்டில் தட்டச்சுப் பிழை. உடனே திருத்தினேன்.